முரசை அடக்கும் புரதம்

நுழையும்முன்

வைரஸ் ஒன்று உயிர்ச்செல்லுக்குள் நுழைந்ததும் இரண்டு செயல்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. வைரஸ் தன்னைப் படியெடுத்துப் பெருக முனைகிறது; செல் பகையை உணர்ந்து எச்சரிக்கை விடுக்க முனைகிறது. எது முந்துகிறதோ அதன் பக்கமே வெற்றி சாயும். இன்ஃபுளுயன்சா வைரஸில் இப்போட்டியின் போக்கை மாற்றவல்ல சிறிய புரதம் ஒன்று உண்டு. அதன் உறுப்புகள் எவற்றைப் பற்றுகின்றன, எவ்வாறு பற்றுகின்றன, அதனை அறிந்ததால் மனிதருக்கு விளைந்த பயன் யாது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நொச்சியும் உழிஞையும்

மதிலை வளைத்து முற்றுகையிடுவதை உழிஞை என்றும், மதிலைக் காத்து நிற்பதை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துக் காட்டுகிறது. மதிலைக் காப்போருக்கு வேலும் வில்லும் வேண்டும். அவற்றினும் முதன்மையாக வேண்டுவது, பகைவர் வந்துவிட்டனர் என்னும் செய்தி. காவல் முரசு ஒலிக்காத கோட்டையில் எத்துணை வீரர் இருப்பினும் அவர்கள் உறங்கும் வீரர்களே.

உயிர்ச்செல்லும் ஒரு கோட்டை போன்றதே. அதற்கும் மதில் உண்டு, காவலர் உண்டு, முரசும் உண்டு. வைரஸ் தங்கிப் பெருகும் உயிரினத்தை அறிவியல் தமிழ் ‘ஓம்புயிரி’ என்று சுட்டுகிறது. ஓம்புதல் என்பதற்குப் பேணுதல், காத்தல் என்பன பொருள். தன்னை அழிக்க வந்த ஒன்றையும் தன் பொருளைக் கொண்டே பேண நேர்வதால், அச்சொல் அந்நிலையை மிகப் பொருத்தமாக உணர்த்துகிறது. வைரஸுக்கெனத் தனியே உணவு ஆக்கும் அமைப்போ புரதம் தொகுக்கும் அமைப்போ இல்லை. அனைத்தையும் அது ஓம்புயிரியின் செல்லிலிருந்தே பெறுகிறது. ஆகவே கோட்டையை இடிப்பது அதன் முதல் நோக்கம் அன்று. முரசு ஒலிக்காமல் பார்த்துக்கொள்வதே முதல் நோக்கம்.

எட்டுத் துண்டுகளில் ஒரு மரபுச்செய்தி

இன்ஃபுளுயன்சா வைரஸ் பல வகைப்படும். அவற்றுள் உலகளாவிய கொள்ளைநோய்களை உண்டாக்கியது ‘ஏ’ வகையாகும். 1918ஆம் ஆண்டில் தொடங்கிய கொள்ளைநோய் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடிப் பேரின் உயிரைப் பறித்ததாக மதிப்பிடப்படுகிறது. இத்துணை அழிவை விளைத்த வைரஸின் விட்டமோ ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இத்தகைய வைரஸ்கள் 10,000 வரிசையாக அடங்கும்.

மனிதனின் மரபுச்செய்தி டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 300 கோடி எழுத்திணைகளாகப் பதிந்துள்ளது. இன்ஃபுளுயன்சா வைரஸின் மரபுச்செய்தியோ ஆர்.என்.ஏ.வில், ஏறத்தாழ 13,500 எழுத்துகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் ஒரே இழையாக அமையாமல் 8 துண்டுகளாகப் பிரிந்துள்ளது. அவற்றுள் மிகச் சிறியது எட்டாவது துண்டு. அத்துண்டிலிருந்து உருவாகும் புரதங்களுள் ஒன்றே ‘என்.எஸ்.1’ எனப்படுவது. வைரஸின் உடற்கட்டமைப்பில் இடம்பெறாத புரதம் என்பது அப்பெயரின் பொருள். உறையாகவோ உள்ளகமாகவோ அது அமைவதில்லை. செல்லுக்குள் வைரஸ் நுழைந்த பின்னரே அங்கு உருவாக்கப்பட்டுச் செயல்படத் தொடங்குகிறது.

சிறிய மரபுச்செய்தியைக் கொண்ட வைரஸ் ஒவ்வொரு பணிக்கும் ஒரு புரதம் என வைத்துக்கொள்ள இயலாது. ஆள் குறைந்த வீட்டில் ஒருவரே உழவும் காவலும் அடுக்களையும் பார்ப்பதுபோல, ஒரு புரதமே பல பணிகளை மேற்கொள்ள வேண்டியுள்ளது. என்.எஸ்.1 அத்தகைய பன்முகப் பணியாளர்.

செல்லின் முரசு

வைரஸ் நுழைந்ததைச் செல் எவ்வாறு அறிகிறது? வைரஸின் ஆர்.என்.ஏ.வே அதனைக் காட்டிக்கொடுக்கிறது. ஓம்புயிரியின் செல்லிலும் ஆர்.என்.ஏ. உண்டு. ஆயினும் வைரஸின் ஆர்.என்.ஏ.வில் சில வேறுபாடுகள் வெளிப்படுகின்றன. இன்ஃபுளுயன்சா வைரஸின் ஒவ்வோர் ஆர்.என்.ஏ. துண்டிலும் இரு முனைகளும் ஒன்றையொன்று தழுவி, வாணலியின் கைப்பிடிபோல் ஒரு குறுகிய இரட்டை இழையாக அமைகின்றன. அதன் தொடக்க முனையில் மூன்று பாஸ்பேட்டுகள் மறைப்பின்றி நிற்கின்றன. செல்லின் சைட்டோபிளாசத்தில் உள்ள தூது ஆர்.என்.ஏ.க்களின் தொடக்க முனையோ தொப்பி போன்ற ஒரு வேதி மூடியால் மறைக்கப்பட்டிருக்கும். மூடியற்ற இரட்டை இழை முனை கண்ணிற்பட்டால் அது அயலாருடையது என்று செல் கொள்கிறது.

இதனைக் கண்டறியும் காவலர் ‘ரிக்-ஐ’ என்னும் புரதம். அயல் ஆர்.என்.ஏ.வைப் பற்றியதும் இது தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. ‘டிரிம்-25’ என்னும் மற்றொரு புரதம் இதற்குத் துணைநின்று செயலூக்கம் அளிக்கிறது. செய்தி ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறி உட்கருவை அடைகிறது. அங்கு இன்டர்ஃபெரானுக்குரிய மரபணு இயங்கத் தொடங்குகிறது. செல்லிலிருந்து வெளியேறும் இன்டர்ஃபெரான், அண்டைச் செல்களுக்கும் எச்சரிக்கையைக் கொண்டுசெல்கிறது. எச்சரிக்கை பெற்ற செல்களில் நூற்றுக்கணக்கான காப்பு மரபணுக்கள் விழித்தெழுகின்றன. இதுவே செல்லின் முரசு. காய்ச்சலின்போது ஏற்படும் உடல்வலிக்கும் சோர்வுக்கும் இன்டர்ஃபெரானும் ஒரு காரணமாகும். அவ்வலி தோல்வியின் அடையாளம் அன்று. கோட்டை விழித்துக்கொண்டதன் அடையாளம்.

முரசொலி கேட்டு எழும் காவலருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் ‘பி.கே.ஆர்.’, இது செயல்படத் தொடங்கினால் செல்லின் புரத உற்பத்தி தடைப்படும், தனக்கு வேண்டிய புரதங்களைப் பெற இயலாமல் வைரஸ் திகைக்கும். மற்றவர் ‘ஓ.ஏ.எஸ்.’, இது இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டதும் ஒரு சிறிய மூலக்கூற்றை உருவாக்கி, அதன்வழி ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி ஒன்றைத் தூண்டுகிறது. இவ்விரு காவலரும் தம் உடைமைக்கும் இழப்பு நேரும் என்று அறிந்தே போரிடுபவர்கள் போன்றோர். புரத உற்பத்தி நின்றால் செல்லுக்கும் கேடு, ஆர்.என்.ஏ. வெட்டுண்டால் செல்லின் ஆர்.என்.ஏ.வும் வெட்டுண்ணும். ஒரு செல்லை இழந்தேனும் உடலைக் காப்பது இக்காவலின் நெறி.

தெரிந்து தெளிவோம்

இன்டர்ஃபெரானை 1957ஆம் ஆண்டு இலண்டனில் கண்டறிந்தவர்கள் பிரித்தானியரான அலிக் ஐசக்ஸ், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜான் லிண்டன்மான் ஆகியோர் ஆவர். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுயன்சா வைரஸைக் கோழிமுட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளோடு சேர்த்து வைத்தபோது, அத்துண்டுகள் வெளியிட்ட பொருள் ஒன்று புதிய வைரஸின் வளர்ச்சியில் குறுக்கிட்டுத் தடுத்தது. குறுக்கிடுவது என்னும் பொருளிலேயே அதற்கு இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டனர்.

பகுபதம் போன்றதொரு புரதம்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அச்சங்கிலி நேராகக் கிடப்பதில்லை. குறிப்பிட்ட முறையில் மடிந்து குறிப்பிட்ட வடிவம் பெறுகிறது. நீண்ட சங்கிலியின் சில பகுதிகள் தனித்தனியே மடிந்து, தனித்தனித் தொழில் செய்வதுண்டு. அத்தகைய பகுதியைச் ‘செயற்களம்’ எனலாம்.

இதனை விளங்கிக்கொள்ளத் தமிழ் இலக்கணம் துணைசெய்யும். பகுபதத்தில் பகுதி ஒரு பொருளைத் தரும். விகுதி வேறொரு பொருளைத் தரும். இடையில் நிற்கும் உறுப்புகளும் தத்தம் பணியை ஆற்றும். அனைத்தும் சேர்ந்தால்தான் சொல் முழுமை பெறும். உறுப்புகளைப் பிரித்து அறிந்தவர்க்கே சொல்லின் பொருள் முழுதும் விளங்கும். புரதத்தைச் செயற்களங்களாகப் பிரித்து ஆராய்வதும் இத்தகையதே.

என்.எஸ்.1 பெரும்பாலும் ஏறத்தாழ 230 அமினோ அமிலங்களால் ஆனது. முதல் 73 அமினோ அமிலங்கள் ஆர்.என்.ஏ.வைப் பற்றும் செயற்களமாக மடிகின்றன. அதனையடுத்து வளையும் தன்மையுள்ள குறுகிய இணைப்பு ஒன்று உண்டு. அதற்கும் அப்பால் ஓம்புயிரியின் புரதங்களைப் பற்றும் செயற்களம் அமைகிறது. இறுதியில் நிலையான வடிவமின்றி அசையும் வால் ஒன்று உள்ளது. முதற்களத்தின் வடிவம் 1997ஆம் ஆண்டிலும், இரண்டாம் களத்தின் வடிவம் 2006ஆம் ஆண்டிலும், பறவைக் காய்ச்சல் வைரஸ் ஒன்றின் முழுப்புரத வடிவம் 2008ஆம் ஆண்டிலும் வெளியாயின. உறுப்புகளின் வடிவம் தெரிந்த பின்னரே அவற்றின் தொழிலும் தெளிவாயிற்று.

ஆர்.என்.ஏ.வைப் பற்றும் கை

முதற்களம் தனியே நின்று ஆர்.என்.ஏ.வைப் பற்ற இயலாது. இரண்டு என்.எஸ்.1 சங்கிலிகள் இணைசேர வேண்டும். ஒவ்வொன்றிலும் உள்ள மூன்று சுருள்கள் சேர்ந்து ஆறு சுருள்களாக அமைய, அவற்றின் ஒரு பக்கத்தில் நேர்மின் தன்மை கொண்ட மேடை ஒன்று உருவாகிறது. ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பாகிய பாஸ்பேட்டுகள் எதிர்மின் தன்மை உடையவை. ஆகவே இரட்டை இழை ஆர்.என்.ஏ. அம்மேடையின்மேல் இயல்பாகவே ஒட்டிக்கொள்கிறது.

இப்பற்றுதலில் ஒரு நுட்பம் உண்டு. முதற்களம் ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளைப் படித்துப் பார்ப்பதில்லை. இரட்டை இழையின் வடிவத்தையே பற்றுகிறது. எனவே எழுத்து வரிசை எதுவாயினும் இரட்டை இழையாக இருந்தால் போதும். இவ்வாறு பற்றப்பட்ட ஆர்.என்.ஏ. காவலரின் கண்ணில் படாமல் மறைகிறது. குறிப்பாக ஓ.ஏ.எஸ். என்னும் காவலர் இதனால் ஏமாற்றப்படுகிறார்.

இவ்வளவும் ஓரிரு அமினோ அமிலங்களை நம்பியே நடக்கிறது என்பது வியப்புக்குரியது. 38ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் இப்பற்றுதலுக்கு இன்றியமையாதது. 41ஆம் இடத்தில் உள்ள லைசின் அதற்குத் துணைநிற்கிறது. இவ்விரண்டையும் மாற்றி அலனின் என்னும் அமினோ அமிலத்தை வைத்தால் களத்தின் ஆர்.என்.ஏ. பற்றும் ஆற்றல் அற்றுப்போகிறது. அத்தகைய வைரஸ் வலுக்குன்றுகிறது. ஓரெழுத்து மாறினால் சொல்லின் பொருளே மாறுவதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

ஓம்புயிரியைப் பற்றும் கை

இரண்டாம் களம் ஆர்.என்.ஏ.வை நாடுவதில்லை, ஓம்புயிரியின் புரதங்களையே நாடுகிறது. அது செய்யும் பணிகளுள் மிக நுட்பமானது உட்கருவுக்குள் நிகழ்கிறது.

மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. உடனே பயன்படுவதில்லை. அதன் இறுதி முனை உரிய இடத்தில் வெட்டப்பட்டு, அடினின் எழுத்துகளால் ஆன நீண்ட வால் ஒன்று சேர்க்கப்பட வேண்டும். அதன் பின்னரே அது தூது ஆர்.என்.ஏ.வாக முதிர்ந்து உட்கருவை விட்டு வெளியேறும். இவ்வேலையில் பங்குகொள்ளும் ஓம்புயிரிப் புரதங்களுள் ஒன்று ‘சி.பி.எஸ்.எஃப்.-30’. என்.எஸ்.1இன் இரண்டாம் களம் இப்புரதத்தைப் பற்றி அதன் வேலையைத் தடுக்கிறது. வால் சேராத ஆர்.என்.ஏ. உட்கருவிலேயே தேங்குகிறது. இன்டர்ஃபெரானுக்குரிய ஆர்.என்.ஏ.வும் அவ்வாறு தேங்குவதால், முரசறையும் ஆணை பிறந்தும் முரசு ஒலிப்பதில்லை.

அவ்வாறாயின் வைரஸின் தூது ஆர்.என்.ஏ.வும் வாலின்றித் தேங்க வேண்டுமே என்னும் ஐயம் எழலாம். அங்குதான் வைரஸின் தந்திரம் வெளிப்படுகிறது. வைரஸ் தன் வாலைச் சேர்க்க ஓம்புயிரியை நம்பியிருக்கவில்லை. அதன் ஆர்.என்.ஏ. துண்டுகளின் முனைக்கருகில் யுராசில் எழுத்துகள் சில தொடர்ந்து நிற்கின்றன. வைரஸின் படியெடுக்கும் நொதி அவ்விடத்தை அடைந்ததும் முன்செல்ல இயலாமல் அதே எழுத்துகளை மீண்டும் மீண்டும் படிக்கிறது. அதனால் அடினின் வால் தானாகவே நீள்கிறது. ஓம்புயிரிக்கு மட்டும் தடை, தனக்குத் தடையில்லை. பிறர் செல்லும் வழியை அடைத்துவிட்டுத் தன் வழியை மட்டும் திறந்துவைத்தல் என்பது இதுவே.

இதனோடு இரண்டாம் களத்தின் பணி முடிவதில்லை. இது பி.கே.ஆர். காவலரைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. ரிக்-ஐக்குத் துணைநிற்கும் டிரிம்-25ஐப் பற்றி எச்சரிக்கையின் முதற்படியையே தளரச் செய்கிறது. செல்லின் வளர்ச்சிக்கும் உயிர்வாழ்வுக்கும் உரிய செய்திப்பாதை ஒன்றையும் தூண்டிவிடுகிறது. இவை அனைத்தும் ஒரே புரதத்தின் செயல்கள்.

தெரிந்து தெளிவோம்

கோட்டையை வெளியிலிருந்து முற்றுகையிடுவோர் பலவழிகளை நாடுவர். காவலனைக் கட்டிவைத்தல், தூதனை நிறுத்துதல், முரசைக் கிழித்தல் என்பன அவற்றுள் சில. என்.எஸ்.1இன் பணிகளும் இவ்வாறு பலவாகும். டிரிம்-25ஐத் தடுப்பது காவலனைக் கட்டுவது, சி.பி.எஸ்.எஃப்.-30ஐத் தடுப்பது தூதனை நிறுத்துவது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை மறைப்பது காவலன் கண்ணில் படாதபடி பகைவன் மறைந்து நிற்பது. வழி ஒன்று தவறினும் மற்றொன்று கைகொடுக்கும் வகையில் அமைந்திருப்பதே இதன் வலிமை.

புரதத்தை நீக்கிப் பார்த்தல்

ஒன்றின் பயனை அறிய அதனை நீக்கிப் பார்ப்பது அறிவியலின் நெறிகளுள் ஒன்று. 1998ஆம் ஆண்டு அடோல்ஃபோ கார்சியா-சாஸ்த்ரேயும் நியூயார்க்கில் அவருடன் பணியாற்றியோரும் என்.எஸ்.1 மரபணுவை முற்றும் நீக்கிய இன்ஃபுளுயன்சா வைரஸ் ஒன்றை உருவாக்கினர். அவ்வைரஸ் உயிர்வாழுமா என்பதே முதல் வினா.

விடை இடத்திற்கு ஏற்ப மாறியது. இன்டர்ஃபெரானை உண்டாக்க இயலாத வெரோ செல்களில் அவ்வைரஸ் நன்கு வளர்ந்தது. இன்டர்ஃபெரான் அமைப்பு இயங்கும் செல்களில் அதன் வளர்ச்சி பெரிதும் குன்றியது. எலிகளிடத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. இயல்பான எலிகளுக்கு அவ்வைரஸ் தீங்கு விளைவிக்கவில்லை. இன்டர்ஃபெரானின் எச்சரிக்கையைக் கேட்டுச் செயல்படும் ஆற்றலை இழந்த எலிகளை அது கொன்றது.

இச்சோதனை ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. வைரஸ் பெருகுவதற்கு என்.எஸ்.1 எல்லா இடத்தும் கட்டாயம் வேண்டுவதில்லை. முரசு ஒலிக்கக்கூடிய இடத்தில்தான் அது பெரிதும் தேவைப்படுகிறது. அடக்க வேண்டிய முரசே இல்லாத கோட்டையில் முரசை அடக்குபவருக்கு வேலை இல்லை.

எல்லாக் கிளையும் ஒன்றல்ல

ஒரு வைரஸில் கண்ட உண்மையை அதன் கிளைகள் அனைத்திற்கும் உரியதாக முடிவுசெய்துவிடல் ஆகாது. 2009ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய எச்1என்1 வைரஸின் என்.எஸ்.1, வாலின் இறுதிப்பகுதி குறைந்து 219 அமினோ அமிலங்களே கொண்டிருந்தது. அதன் இரண்டாம் களத்தால் சி.பி.எஸ்.எஃப்.-30ஐப் பற்ற இயலவில்லை. ஆயினும் அவ்வைரஸ் பரவாமல் நின்றுவிடவில்லை.

அதன் மூன்று அமினோ அமிலங்களை மாற்றி அப்பற்றும் ஆற்றலை மீட்டளித்தும் ஆய்வாளர்கள் சோதித்தனர். ஆற்றல் மீண்டது, ஆயினும் வைரஸின் கொடுமை அதற்கேற்பக் கூடிவிடவில்லை. வைரஸின் வீரியம் ஒரு புரதத்தால் மட்டும் முடிவாவதன்று என்பதும், ஒரு களத்தின் தொழில் தளர்ந்தால் பிற வழிகள் அதனை ஈடுசெய்யக்கூடும் என்பதும் இதனால் பெறப்பட்ட பாடங்கள். புதிய கிளை தோன்றும்போதெல்லாம் அதன் உறுப்புகளை மீண்டும் சோதித்துப் பார்த்தே ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

படைக்கலம் மருந்தாதல்

பகைவனின் வலிமை எங்கிருக்கிறது என அறிந்தால் அவனை வலிமையற்றவனாக்கும் வழியும் புலப்படும். என்.எஸ்.1 நீக்கப்பட்ட வைரஸ் உடலுக்குள் நுழையும். ஆயினும் முரசை அடக்க இயலாமையால் பெருக இயலாது. அதே வேளையில் முரசு உரக்க ஒலிப்பதால் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு விழித்து, அவ்வைரஸை நினைவில் பதித்துக்கொள்ளும். தடுப்பூசிக்கு வேண்டுவன இவ்விரண்டும்: நோய் தராமை, நினைவு தருதல்.

ஆனால் உடலில் பெருக இயலாத வைரஸைத் தடுப்பூசிக்காகப் பேரளவில் வளர்ப்பது எங்ஙனம்? அதற்கு விடையாக நின்றவை முன்னர்க் கண்ட வெரோ செல்களே. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962ஆம் ஆண்டு ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட இச்செல் வரிசை, இன்டர்ஃபெரான் ஆக்கும் திறனற்றது. குறைபாடாகத் தோன்றிய அத்தன்மையே இங்குப் பயனாயிற்று. என்.எஸ்.1 நீக்கிய இன்ஃபுளுயன்சா வைரஸ்கள் மூக்குவழிச் செலுத்தும் தடுப்பு மருந்தாக மனிதர்களிடமும் தொடக்கநிலை ஆய்வுகளில் சோதிக்கப்பட்டன.

இக்கருத்து வேறொரு நோய்க்கும் வழிகாட்டியது. என்.எஸ்.1 நீக்கிய இன்ஃபுளுயன்சா வைரஸின் மரபுச்செய்தியில் கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதப் பகுதி ஒன்றைச் சேர்த்து உருவாக்கப்பட்ட மூக்குவழித் தடுப்பு மருந்துக்கு, 2022 டிசம்பரில் சீனாவில் அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி வழங்கப்பட்டது.

செல்லின் காவலை முடக்குவதற்கு வைரஸ் வைத்திருந்த கருவியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அறிந்ததன் பயனே இவை. எது ஆர்.என்.ஏ.வைப் பற்றுகிறது, எது ஓம்புயிரியின் புரதத்தைப் பற்றுகிறது என்னும் வினாக்கள் முதலில் அறிவு வேட்கையால் மட்டுமே எழுந்தவை. விடை கிடைத்த பின்னர் அவை மருந்தாகவும் காப்பாகவும் மாறின. நோயின் வேர் எது என்று நாடி, அதனைத் தணிக்கும் வழியை நாடுதல் மருத்துவத்தின் முறை. அவ்வாறு நாடுவோர்க்கு 73 அமினோ அமிலங்களும் ஒரு குறுகிய இணைப்பும்கூடச் சிறியன அல்ல.

கற்பவை கற்றபின்

1. என்.எஸ்.1 புரதத்தின் இரு செயற்களங்களையும் அவை பற்றுவனவற்றையும் படம் வரைந்து காட்டுக.

2. ‘ஓம்புயிரி’ என்னும் சொல்லின் பொருத்தத்தை விளக்கி, வைரஸ் தொடர்பான தமிழ்க் கலைச்சொற்கள் ஐந்தைத் தொகுத்து அவற்றின் சொற்பொருளை எழுதுக.

3. வைரஸின் தூது ஆர்.என்.ஏ. ஓம்புயிரியின் துணையின்றி வாலைப் பெறும் முறையை உயிரியல் ஆசிரியரிடம் கேட்டறிந்து வகுப்பில் விளக்குக.

4. ‘உடலின் காய்ச்சல் தோல்வியின் அடையாளம் அன்று’ என்னும் கருத்தை ஆய்ந்து, இன்டர்ஃபெரான் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.